கிழங்கிலிருந்து வசந்தப் பூக்கள்: ரனன்குலஸும் அனிமோனியும் முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

ரனன்குலஸ் கிழங்கை முதல் தடவை கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு நம்பிக்கையே வராது. செத்துப்போன சிலந்தி காலை மடக்கிக் கிடப்பதுபோல, பழுப்பு நிறத்தில், விரல்நுனி அளவுக்கு ஒரு காய்ந்த பொருள். அனிமோனிக் கிழங்கு இன்னும் மோசம்; கறுத்துச் சுருங்கிய மண்கட்டி என்றே நினைக்கத் தோன்றும். இதிலிருந்தா பூ வரும்? வரும். நல்ல கிழங்கு ஒன்றே ஐந்து முதல் பத்துப் பூத்தண்டுகள் வரை தரும். அடுக்கடுக்கான மெல்லிய இதழ்களோடு ரனன்குலஸும், நடுவில் கருமையான பொட்டு வைத்து அனிமோனியும் வாரக்கணக்கில் தோட்டத்தை நிறைத்துவிடும்.

புதியவர்கள் பலருக்கு இது கைகூடாமல் போக முதல் காரணம், கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடுவது. பூச்சியோ உரமோ அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. அழுகாமல் பார்த்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இந்தக் கட்டுரையில் தண்ணீரைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசப்போவது அதனால்தான்.

முதலில் அதன் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு செடிகளுக்கும் பூர்விகம் மத்தியதரைக் கடலை ஒட்டிய நிலங்கள். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை நீளமானது, மழை அநேகமாக இருக்காது. இலையுதிர்காலத்து முதல் மழையில் கிழங்கு விழிக்கும். குளிர்காலம் முழுக்க வேரும் இலையும் விடும். வசந்தம் தொடங்கும்போது பூக்கும். வெயில் ஏறியதும் இலை காய்ந்து, கிழங்கு மட்டும் வறண்ட மண்ணுக்குள் அடுத்த மழை வரை உறங்கும்.

இந்தச் சுழற்சி மனதில் இருந்தால் மீதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குளிர்ந்த பருவத்தில் நட வேண்டும், ஈரம் இருக்க வேண்டும் ஆனால் தேங்கக் கூடாது, வெயில் காலத்தில் கிழங்கைக் காய விட வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்து தானாகவே வந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். டியூலிப், டாஃபோடில் போன்றவை குமிழ்கள். வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகச் செதில் இருக்கும். கிழங்குக்கு அந்த அடுக்கு கிடையாது, மேலே காகிதத்தோலும் கிடையாது. அதனால் அது சீக்கிரம் காய்ந்தும் போகும், சீக்கிரம் அழுகியும் போகும். டாலியாவும் கிழங்குதான், ஆனால் அதன் கணக்கே வேறு: வசந்தத்தில் நட்டால் கோடையிலும் அதற்குப் பிறகும் பூக்கும். டாலியாவுக்குச் சொன்ன ஆலோசனையை ரனன்குலஸுக்குப் பயன்படுத்தினால் பருவம் தப்பிப்போகும்.

எப்போது நடுவது

இதற்கான பதில் உங்கள் குளிர்காலம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது.

உறைபனி அரிதாகவும் லேசாகவும் விழும் இடமென்றால் இலையுதிர்காலத்திலேயே நட்டுவிடலாம். வடகோளத்தில் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை, தென்கோளத்தில் மார்ச் முதல் மே வரை. நட்டு ஏறக்குறைய 90 நாளில் முதல் பூ வரும். குளிர் கூடினால் இன்னும் சில வாரம் தள்ளிப்போகும். இலையுதிர்காலத்தில் நட்ட செடி வேரை நிதானமாகப் பரப்பிக்கொள்வதால் பூத்தண்டு நீளமாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் வரும். வாய்ப்பு இருந்தால் இதையே செய்யுங்கள்.

குளிர்காலத்தில் மண்ணே உறைந்துபோகும் இடங்களில் அப்படி நட்டால் கிழங்கு பிழைக்காது. வேரூன்றிய செடி மைனஸ் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ் வரை ஒருவாறு தாங்கும், அதற்குக் கீழே ஆபத்து. அங்கே குளிர்காலத்தின் கடைசியில் வீட்டுக்குள் முளைக்க வைத்து, கடைசி உறைபனிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வெளியே நட வேண்டும். பூ தாமதமாக, வசந்தத்தின் பிற்பகுதியில் வரும்.

குளிர்காலமே மிதமான வெப்பமாக இருக்கும் இடங்களில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மூன்று, நான்கு மாதங்களைக் கணக்கிட்டு, அவை தொடங்கும்போதே நடுங்கள். இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் தொடங்கலாம். பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டி நிலைத்துவிட்டால் செடி பூப்பதை நிறுத்திவிட்டு உறக்கத்துக்குத் தயாராகும், அதை எந்த உரமும் மாற்றாது. இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில் இருப்பவர்கள் இதில் பணத்தைப் போட வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களுக்கு வெப்பத்தை விரும்பும் கிழங்குச் செடிகளே சரி. செங்காந்தள் அப்படிப்பட்ட ஒன்று. அதன் எல்லாப் பாகமும் கடுமையான நஞ்சு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கிழங்கு வாங்கும்போது

கிழங்குகளை அவற்றின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறித்து விற்பார்கள். பெரிய கிழங்கில் சேமிப்பு அதிகம், எனவே பூவும் அதிகம். நிறைய சின்னக் கிழங்குகள் வாங்குவதைவிடக் குறைவான எண்ணிக்கையில் பெரியதாக வாங்குவது மேல். முதல் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிழங்கு தாராளம்.

கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கட்டியாக, உலர்ந்து இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினாலோ, புளித்த வாடை வந்தாலோ, பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ பூஞ்சை படர்ந்திருந்தாலோ வேண்டாம். ரனன்குலஸின் கால் ஒன்றிரண்டு ஒடிந்திருப்பது பெரிய குறை இல்லை. எல்லாக் கால்களும் சேரும் இடத்தில், உச்சியில், பஞ்சுபோல் நரைத்த மயிர் தெரியும். முளை வருவது அங்கிருந்துதான். அந்த உச்சி சிதையாமல் இருந்தால் போதும்.

அனிமோனியில் 'டி கேன்' என்ற பெயரில் வருவது ஒற்றை அடுக்கு, 'செயின்ட் பிரிஜிட்' இரட்டை அடுக்கு. புதியவர்களுக்கு டி கேன் எளிது. 'அனிமோனி பிளாண்டா' என்று இன்னொன்று இருக்கிறது. குட்டையானது, டெய்சி மாதிரி பூக்கும், கடுங்குளிரையும் தாங்கும். அதை இலையுதிர் மரங்களுக்கு அடியில் நட்டுவிட்டால் தோண்டியெடுக்கும் வேலை இல்லை, ஆண்டுக்கு ஆண்டு தானாகப் பரவும். கடுங்குளிர்ப் பகுதியில் இருந்தால் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

இடமும் மண்ணும்

ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். வெயில் சுள்ளென்று அடிக்கும் ஊரில் பிற்பகல் நிழல் கிடைத்தால் பூக்கும் காலம் கொஞ்சம் நீளும்.

மண்ணில் தண்ணீர் வடிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நிறைய நீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் தைரியமாக நடலாம். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அந்த இடம் உதவாது. களிமண்ணில் மணலை மட்டும் கொட்டிக் கலப்பதால் பெரிய பலன் இல்லை, சில சமயம் இன்னும் இறுகிப்போகும். மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலந்து, தரைமட்டத்திலிருந்து 15 அல்லது 20 சென்டிமீட்டர் உயர்த்தி மேட்டுப்பாத்தி கட்டிவிடுங்கள். அதுவே நல்ல வழி.

தொட்டி இன்னும் சுலபம். மழை வலுத்தால் தூக்கி ஓரமாக வைத்துக்கொள்ளலாமே! 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் நான்கைந்து கிழங்கு வைக்கலாம். தோட்ட மண் அல்லது பைகளில் வரும் கலவை இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெருமணல் அல்லது பெர்லைட் (நீர் வடிய உதவும் லேசான வெள்ளைத் துணுக்குகள்) ஒரு பங்கு. அடியில் துளை இல்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள்.

ஊறவைப்பது

காய்ந்த கிழங்கை அப்படியே நட்டாலும் முளைக்கும், ஆனால் ஒன்று இன்றைக்கு, ஒன்று மூன்று வாரம் கழித்து என்று வரும். ஊறவைத்து நட்டால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகக் கிளம்பும்.

பாத்திரத்தில் சாதாரண வெப்பநிலையில் உள்ள தண்ணீரை எடுத்துக் கிழங்குகளைப் போடுங்கள். மூன்று முதல் நான்கு மணி நேரம். இரவு ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்; கிழங்குக்கும் காற்று வேண்டும், தேங்கிய நீரில் மூச்சு முட்டிப்போகும். இடையில் ஒன்றிரண்டு முறை நீரை மாற்றுங்கள். மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுக் குழாய் வீட்டில் இருந்தால் அதைப் பாத்திரத்தில் விட்டுவிடலாம், இன்னும் பாதுகாப்பு.

ஊறுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். முதல் மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் சுருங்கிக் கிடந்த கால்கள் ஒவ்வொன்றாகப் பருக்கும், சுருக்கம் விரியும், தொட்டால் விறைப்பு போய் வழவழப்பு வந்திருக்கும். முடியும்போது கிழங்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கும். அவ்வளவுதான், உடனே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட லாபம் இல்லை. மிதந்துகொண்டே இருந்து கடைசிவரை பருக்காதது, அல்லது விரலால் அழுத்தினால் குழைவது, இவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வேலை செய்யும்போதும் பிற்பாடு தண்டை வெட்டும்போதும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு செடிகளின் சாறும் தோலில் பட்டால் சிலருக்கு எரிச்சலும் கொப்புளமும் வரும். தின்றால் மனிதர்களுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் கெடுதி. குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் கிழங்கைக் கண்ட இடத்தில் வைக்க வேண்டாம்.

முளைக்க வைப்பது

கட்டாயம் இல்லைதான், ஆனால் புதியவர்கள் இந்தப் படியைத் தவிர்க்காமல் இருந்தால் நல்லது. ஏனென்றால் அழுகப்போகும் கிழங்கு எது என்று மண்ணுக்குள் போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆழமில்லாத ட்ரேயில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அல்லது மண்கலவையைப் பரப்புங்கள். ஈரம் எவ்வளவு? ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், ஒரு சொட்டுகூட வடியக் கூடாது. வடிந்தால் இன்னும் கொஞ்சம் உலர்ந்த கலவையைச் சேருங்கள். ஊறிய கிழங்குகளை ஒன்றையொன்று தொடாமல் வைத்து, மேலே மெல்லிதாக அதே கலவையால் மூடுங்கள். 10 முதல் 13 டிகிரி வரை உள்ள குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள். வெப்பமான அறையில் வைத்தால் பூஞ்சை முந்திக்கொள்ளும். அப்படிக் குளிர்ந்த இடம் இல்லாவிட்டால் இந்தப் படியை விட்டுவிட்டு நேராக நட்டுவிடலாம்.

சில நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கலவை வெளிறிப்போயிருந்தால் லேசாக நீர் தெளியுங்கள், இல்லையென்றால் தொட வேண்டாம். ஒரு கிழங்கில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் எடுத்துக் கழுவி, கெட்ட பகுதி சின்னதாக இருந்தால் கிள்ளிவிட்டு வேறு இடத்தில் வையுங்கள். முழுக்கக் குழைந்திருந்தால் தூக்கிப்போடுங்கள், பக்கத்துக் கிழங்குக்கும் பரவும். பத்து முதல் பதினான்கு நாளில் உச்சியிலிருந்து வெளிறிய முளையும், கால்களுக்கு நடுவே நூலிழை மாதிரி வெள்ளை வேர்களும் வந்திருக்கும். வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீண்டதும் நட்டுவிடுங்கள். இன்னும் காத்திருந்தால் வேர்கள் பின்னிக்கொண்டு பிரிக்கும்போது ஒடியும்.

நடவு

ஆழம் ஐந்து சென்டிமீட்டர். ரனன்குலஸின் கால்கள் கீழ்நோக்கி, மயிர் உள்ள உச்சி மேல்நோக்கி. இடைவெளி 15 முதல் 20 சென்டிமீட்டர். நெருக்கி நட்டால் காற்றோட்டம் போய் இலையில் சாம்பல் நோய் வரும்.

அனிமோனிக்கும் அதே ஆழம், இடைவெளி 10 முதல் 15 போதும். அதில் மேல் எது, கீழ் எது என்று பலருக்கும் குழப்பம். கூராக நீளும் பக்கம் கீழே போக வேண்டும். கூர் தெரியவில்லையா, பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுங்கள், முளை தானே வழி கண்டுபிடித்து மேலே வரும். இதற்காக நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

நட்ட உடனே ஒருமுறை நன்றாக நீர் விடுங்கள், மண் கிழங்கோடு ஒட்டி அமரும். அப்புறம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முளைவிடாத கிழங்கை நேராக நட்டிருந்தால் இலை தெரியும் வரை, மண் ஆழம் வரை காய்ந்தால் மட்டுமே மறுபடி தண்ணீர். இலை இல்லாத கிழங்கு நீரை அதிகம் குடிக்காது. நாம் அன்பாக ஊற்றும் தண்ணீர் அதைச் சுற்றித் தேங்கி நிற்கும். முளைவிட்ட கிழங்கை நட்டிருந்தால் மண்ணை லேசான ஈரத்தில் வைத்திருங்கள், வேர் காயக் கூடாது.

பறவைகளும் அணிலும் எலியும் புது நடவைத் தோண்டும். இளம் தளிரைப் பறவை கொத்தும். இலை ஒரு விரல் உயரம் வரும் வரை மேலே கம்பிவலை போட்டுவைத்தால் நிம்மதி.

வளரும் காலம்

இலை விரிந்த பின் கணக்கு மாறும். இப்போது செடி நீர் கேட்கும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலையில், செடியின் அடியில் மட்டும். ரனன்குலஸின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அந்த இடமே அழுகும்.

உரம் அளவோடு போதும். மண்ணில் மக்கிய உரம் கலந்திருந்தால், மொட்டு தெரியத் தொடங்கியதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம் கொடுங்கள். தழைச்சத்து தூக்கலான உரம் வேண்டாம், இலை செழித்துப் பூ குறையும். உறைபனி எச்சரிக்கை இருக்கும் இரவில் மெல்லிய துணியைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.

அசுவினி மொட்டின் காம்பில்தான் முதலில் கூடும். குறைவாக இருக்கும்போதே தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம், மிஞ்சினால் சோப்புக் கரைசல் அல்லது வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். நத்தைகளை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் சிறந்த வழி. இலை திடீரென்று மஞ்சளாகி, செடியை லேசாக இழுத்தாலே வந்துவிட்டால் அது வேரழுகல். மருந்து தேட வேண்டாம், பிடுங்கியெறிந்துவிட்டு மற்றவற்றுக்கு நீரைக் குறையுங்கள்.

பூ பறிப்பது

செடியிலேயே விட்டு ரசிக்கலாம். ஆனால் பறிக்கப் பறிக்கத்தான் புதுத்தண்டு வரும். வாடிய பூவைக் காம்போடு அடியில் வெட்டிவிடுங்கள், விதை பிடிக்க விட்டால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

சாடியில் வைக்க வெட்டுவதென்றால் நேரம் முக்கியம். ரனன்குலஸ் மொட்டை இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் இன்னும் ஆகவில்லை, இப்போது வெட்டினால் விரியாமலே தலை சாய்ந்துவிடும். நிறம் முழுக்க ஏறி, அழுத்தினால் மெத்தென்று கொடுத்தால் அதுதான் பருவம். அனிமோனிக்கு வேறு அடையாளம்: பூவுக்குக் கீழே வளையமாக ஒரு இலைக்கொத்து இருக்கும். மொட்டாக இருக்கும்போது அது பூவைக் கட்டிப்பிடித்திருக்கும். பூவுக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் அகலம் இடைவெளி வந்துவிட்டால் வெட்டலாம். அனிமோனி பகலில் விரிந்து இரவில் மூடும், சாடியிலும் அப்படியே செய்யும், வாடிவிட்டதாக நினைத்துத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இரண்டையும் விடியற்காலையில், அடியோடு ஒட்டி வெட்டி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும்.

பூத்து முடிந்த பின்

இலை இன்னும் பச்சையாக இருக்கும்போது வெட்டி எறிய வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான சேமிப்பு அந்த இலையிலிருந்துதான் கிழங்குக்கு இறங்குகிறது. தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, பாதி இலை மஞ்சளானதும் நிறுத்திவிடுங்கள். இலை முழுக்கக் காய்ந்ததும் தோட்ட முள்கரண்டியால் அகலமாகச் சுற்றித் தோண்டி எடுங்கள். வறண்ட கோடையும் நீர் வடியும் மண்ணும் இருந்தால் கிழங்கை அங்கேயே விடலாம். கோடையில் மழை பெய்யும் இடத்திலும், பாசனம் நிற்காத பாத்தியிலும் எடுத்தே ஆக வேண்டும்.

மண்ணைக் கழுவி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் உலர்த்துங்கள். புதிதாகக் கிளைத்த கிழங்குகள் சேர்ந்து ஒரு கொத்தாக இருக்கும். உச்சியோடு சேர்த்துப் பிரித்தால்தான் ஒவ்வொன்றும் முளைக்கும், உச்சி இல்லாமல் உடைந்த காலால் பயன் இல்லை. பிளாஸ்டிக் பை வேண்டாம். காகிதப் பையிலோ வலைப் பையிலோ போட்டு, நிறத்தையும் ஆண்டையும் எழுதி, ஈரமில்லாத குளிர்ந்த அறையில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை பையைத் திறந்து, மெத்தென்று போனது ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.